ஒரு கிலோ ஆணி

நுழைவுச் சீட்டு கிடையாது.
ஆளுக்கு ஒரு கிலோ ஆணி கொண்டுவந்தால் போதும் என்று
பேருந்து நிறுத்தங்களில் ஒட்டியிருந்தார்கள்.
மூன்று அங்குலம். கூரைக்கானால் குடை ஆணி.

வல்பராய்சோவில் அன்று பகல் முழுக்க
ஆணி நிறுத்துக் கொடுத்தவள் நான்.
டான் ரெமிகியோவின் இரும்புக்கடையில் கல்லா எனக்கு.
காலையில் அவர் விலைப்பலகையை
எச்சில் தொட்டு அழித்து
இருநூறு பெசோ கூட்டி எழுதினார்.
எரிகிற வீட்டில் பிடுங்கினவரை லாபம்.
ஒருவராவது பேரம் பேசியிருக்கலாம்.
மீன் அரிகிறவர், கணக்கு வாத்தியார், இரண்டு கன்னியாஸ்திரிகள்,
எல்லோரும் மீதியை எண்ணாமல் வாங்கிக்கொண்டு
நீயும் வருவாய்தானே என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் எனக்கென்று ஒரு கிலோ நிறுத்தேன்.
முள் அசையாமல் நின்ற பிறகு
இன்னொரு கை அள்ளிப் போட்டேன்.
அதற்குக் காசு வைக்கவில்லை.

தீயணைப்பு வண்டிகளைத் தெருவில் நிறுத்திவிட்டு
அவை நிற்கிற இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள்.
வாசலில் ஒரு தகரப் பீப்பாய்.
ஒவ்வொருவராகக் கவிழ்க்கக் கவிழ்க்க
சடசடவென்று அந்தச் சத்தம்.
மலை எரிந்த இரவில் ஓடுகள் வெடித்ததும்
ஏறக்குறைய இப்படித்தான்.
யாரும் அதைச் சொல்லவில்லை.

முன்வரிசை, வீடு போனவர்களுக்கு.
நெஞ்சில் பெயர் ஒட்டிய காகிதம்,
யாருடையதோ அளவில் சட்டை.
எழுந்து நிற்கச் சொல்லி நகரசபைக்காரர் கைதட்ட வைத்தார்.
அவர்கள் நின்றார்கள்,
பரிசு கிடைக்கப்போகிற பிள்ளைகள் மாதிரியும்
திருடி அகப்பட்ட பிள்ளைகள் மாதிரியும்.

பிறகு இவாரிஸ்தோ பார்ரியா வந்து உட்கார்ந்தார்.
மடியில் இரவல் அக்கார்டியன்;
கீழிருந்து மூன்றாவது கட்டை அழுத்தினால் எழாது,
ஒவ்வொரு முறையும் நகத்தால் நெம்பிவிட்டுக்கொண்டார்.
பேசவில்லை. அதற்கே அவருக்கு நன்றி.

மூன்றாவது பாட்டில்
ஒர்த்தென்சியா தூங்கிப்போனாள்.
ஹோட்டல் துணி வெளுக்கிறவள்.
ஒன்பது இரவாக, விளக்கணைக்காத விளையாட்டரங்கில்
இருநூறு பேர் இருமலுக்கு நடுவே
கண் மூடாதவள்,
பக்கத்தில் இருந்த சுங்க இலாகா குமாஸ்தாவின் தோளில்
வாய் திறந்து, லேசான குறட்டையோடு.
குமாஸ்தா மூச்சைக்கூட
ஒரு பக்கமாகத்தான் விட்டார்.

இவாரிஸ்தோ பார்த்தார்.
பாட்டை முடித்து ஒரு விரலை உயர்த்தினார்.
தட்டப் போன கைகள் அப்படியே நின்றன.

அடுத்தது குவேக்கா.
கைதட்டில்லாமல் குவேக்கா ஏது?
அவர் அதைத் துருத்திக்குள்ளேயே வைத்து வாசித்தார்,
மூடிய சட்டியில் கொதிக்கிற மாதிரி.
நாங்கள் தட்டினோம்,
உள்ளங்கைகள் ஒன்றையொன்று தொடாமல்,
நடுவே ஒரு விரற்கடைக் காற்றை வைத்து.
தாளம் தப்பவில்லை.

தாமதமாக வந்த ஒருத்தன் வாசலில்
பையைத் தலைகீழாகப் பிடித்துவிட்டான்.
தீயணைப்புப் பையன் பாய்ந்து மணிக்கட்டைப் பற்றினான்.
காதில் ஏதோ சொன்னான்.
வந்தவன் பீப்பாய்ப் பக்கத்தில் மண்டியிட்டு
ஒவ்வொரு ஆணியாக எடுத்து
உள்ளே வைக்க ஆரம்பித்தான்,
முட்டை அடுக்குகிறவன் போல.
கச்சேரி முடிகிறவரை வைத்துக்கொண்டிருந்தான்.
ஒரு கிலோவில் இத்தனை ஆணி இருக்கும் என்று
நிறுத்து விற்கிற எனக்கே தெரியாது.

நாற்காலி மடக்கும் சத்தத்தில்தான் அவள் விழித்தாள்.
முடிஞ்சுதா? குவேக்கா வாசிக்கவே இல்லையா?
அதுக்குத்தானே வந்தேன் என்று
குமாஸ்தாவிடம் கோபித்துக்கொண்டாள்.
அவர் சட்டைத் தோளில் ஈரம்.
இல்லை, இன்றைக்கு வாசிக்கவில்லை என்றார்
அந்த நல்ல மனுஷர்.

மறுநாள் பலகையில் அதே விலை.
ரெமிகியோ இருப்பைச் சரிபார்த்து
ஆணி கொஞ்சம் இடிக்கிறதே என்றார்.
துரு தின்றிருக்கும் என்றேன்.
கடலோரம், உப்புக்காற்று,
எதைத்தான் விட்டுவைக்கிறது.