எளிது

அடிவாரப் பலகையில் ‘எளிது’ என்றிருந்தது,
யாருக்கு என்று எழுதவில்லை.
முழங்காலில் கத்தி பட்ட பதினோராம் மாதம்
மவுண்ட் ஸ்டெர்லிங் ஏறினேன்.
தாண்டிப்போன பிள்ளைகள்
இன்னும் கொஞ்சந்தான் ஆன்ட்டி என்றார்கள்,
நான்கு முறை.

உச்சியில் ஒற்றைத் தைலமரம்,
காற்று முறுக்கிப் பிழிந்தது.
கூடாரம் விரித்தபின்தான் யோகநாதன்
முளைகளை எண்ணினார். ஒன்று குறைந்தது.
அந்த மூலையை என் பையோடு கட்டினோம்.
பாதி வெந்த நூடுல்ஸ். ஏழரைக்கே படுக்கை.

இரண்டு மணிக்கு முட்டிக்கொண்டு வந்தது.
போவதா, விடியட்டுமா என்று
ஸ்லீப்பிங் பேக்குக்குள் அரைமணி வழக்கு.
ஜிப் திறந்த சத்தத்தில்
அவர் குறட்டை நின்று, யோசித்து, தொடர்ந்தது.

மரத்தின் மறைவுக்குப் போனேன்.
யாரிடமிருந்து மறைவு?
டார்ச்சை அணைத்தேன்.
எங்கோ கீழே மான்ஸ்ஃபீல்டு,
கொட்டியவர் பொறுக்க மறந்த ஊசிகள்.
மேலே இருந்ததைச் சொல்ல வரவில்லை.
குந்திய இடத்திலிருந்து ஆவி எழுந்தது,
மலைக்கு என் பங்காக ஒரு மேகம்.

எழுந்தபோது முழங்கால் ‘கடக்’ என்றது.
அந்த அமைதியில்
அதுதான் பெரிய பேச்சு.

சூரியோதயம் எப்படி என்று
ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள்.
அப்போது நான்
அசந்து தூங்கிக்கொண்டிருந்தேன்.