இரண்டு எடைகளுக்கு நடுவே

ஏஜென்ட் மூடிவிட்டது என்றேன்.
எந்த ஏஜென்ட், எந்த மண்டி, என்றார் திம்மராயன்.
அவர் கேட்டதில் தப்பில்லை.
காவேரிப்பட்டணத்தில் அந்தச் சொல்லுக்கு
கமிஷன் உண்டு, வெள்ளைச் சட்டை உண்டு,
துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் கை உண்டு.
நான் சொன்னதற்குக் கை இல்லை.

ஜூன் மாதம். பெங்களூரா வரத்து உச்சம்.
ஆலை வாசலிலிருந்து மெயின் ரோடு வரை வண்டிகள்,
ராத்திரி இரண்டு மணிக்கும் ஈ.
எங்கள் தரவுத்தளத்துக்கு நூறு வாசல்;
நூறிலும் ஆள்.
நூற்றியோராவது பில் வெளியே நிற்கிறது.
எடைமேடைக் கூண்டிலிருந்து ஷமீம்
போனில் கத்துகிறாள்:
சுத்துது, சுத்துது, இன்னும் சுத்திக்கிட்டே இருக்குது.

அதனால்தான் அந்தக் கருவியை எழுதினேன்.
பதினோரு வரி.
திறந்து கிடக்கும் அமர்வை மூடு. அவ்வளவுதான்.
தலையில் ஒரு குறிப்பும் வைத்தேன்,
ஏஜென்ட்கள் அதைப் படித்துத்தான் எடுத்தாளும்:
“நெடுநேரம் பேசாத அமர்வை மூட.”

பேசாத.
எவ்வளவு லேசாக எழுதினேன்
அந்த ஒரு சொல்லை.

பாரத்தோடு ஓர் எடை.
பழம் இறக்கியபின் வெறும் வண்டிக்கு ஓர் எடை.
இரண்டுக்கும் நடுவில் ஒரு டீ, ஒரு பீடி,
கூடை கூடையாய் இறக்க நான்கு பேர்.
முதல் எடையை மடியில் கட்டிக்கொண்டு
ஓர் அமர்வு நாற்பது நிமிஷம் வாய் திறக்காமல் இருந்தது.
(அப்படி அதைக் காக்க வைத்தது என் தப்பு.
அதைப் பிறகுதான் ஒத்துக்கொண்டேன்.)
திறந்தது எடைமேடை ஏஜென்ட்;
பில் போடுகிறதும் அதே பாயில் ஓரமாய் உட்கார்ந்திருந்தது.
துப்புரவுக்கு வைத்த மூன்றாவது எட்டிப் பார்த்தது.
நாற்பது நிமிஷம், சத்தமே இல்லை.
குறிப்பில் சொன்னபடி மூடியது.
பதிவேட்டில் மரியாதையாக ஒரு வரி:
மூடப்பட்டது, வெற்றி.

எழுதி முடிக்காத எடை
இருந்த இடம் தெரியாமல் போயிற்று.
வண்டி காலி. பழம் குவியலில்.
அதில் எது சந்தூர்ப் பழம், எது போச்சம்பள்ளிப் பழம்,
பழத்துக்கே தெரியாது.

பதினான்காயிரத்து முந்நூற்று நாற்பது, என்றாள் ஷமீம்,
கண்ணால பார்த்தேன், சிவப்பு நம்பர்ல.
நானூற்று முப்பது, என்றார் திம்மராயன்,
நானுந்தாம்மா பார்த்தேன், அதே சிவப்புல.
தொண்ணூறு கிலோ.
இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை,
அதுதான் சங்கடம்.
கணக்கர் லகுமய்யா இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினார்:
முந்நூற்று எண்பத்தைந்து.
எந்த மேடையும் காட்டாத எண்ணுக்குக் கீழே
வரிசையாய்க் கையெழுத்துப் போட்டோம்.

விடியுமுன் கருவியைப் பிரித்துப் போட்டேன்.
இப்போது அது எண்ணுகிறது, உள்ளே எத்தனை பேர்.
ஒருவர் எழுந்தால் ஒன்று குறையும், கதவு அசையாது.
கடைசியாய்ப் போகிறவர்தான் தாழ் போட வேண்டும்.
அவர் மடியிலும் எழுதாத எடை இருந்தால்
தாழும் கிடையாது, ஷமீமுக்கு மணி அடிக்கும்.
பதினோரு வரி எழுபதாயிற்று.

குறிப்பு மட்டும் வரவில்லை.
கதவையே பார்த்திராத ஒன்றுக்கு
எப்போது சாத்தக் கூடாதென்று எழுத வேண்டும்.
“சும்மா இருக்கிறது” என்று எழுதி அடித்தேன்.
“காத்திருக்கிறது” என்று எழுதி, வெகுநேரம் பார்த்து,
அதையும் அடித்தேன்.
கூழ் கொதிக்கும் வாசனை கண்ணாடிக்குள் வந்துவிட்டிருந்தது.
கடைசியில் இப்படி:
மூடுமுன் கேள், இந்த அமர்வில் வேறு யார்.
பதில் வராவிட்டால்
யாருமில்லை என்று எடுத்துக்கொள்ளாதே.

மறுநாள் சாயங்காலம் திம்மராயன் மறுபடி வந்தார்.
மேடையில் வண்டியை நிறுத்தி, இறங்கி,
சிவப்பு எண்ணை இரண்டு தடவை படித்து,
முன்கண்ணாடிப் புழுதியில்
விரலால் பெரிதாய் எழுதினார்.
பிறகு
டீ குடிக்கப் போனார்.