நோக்க அறிக்கை

"ஏன் இந்த ஆய்வு? ஐந்நூறு சொற்களில்."
அவர்களுடைய நள்ளிரவோடு முடிகிறது,
எங்களுக்கு நாளைக் காலை பத்தரை.
தொண்ணூறு டொலர் கட்டணத்தை
வினோஜாவின் அண்ணன் ரொறன்ரோவிலிருந்து கட்டிவிட்டார்.
திருப்பிக் கேட்க மாட்டார். அதுதான் கரைச்சல்.

கரையோர ரயில் போகட்டும் என்றிருந்து
மடிக்கணினிக்கு என் முகவரியைச் சொன்னேன்:
வெள்ளவத்தை.
அது எழுதியது: வெள்ளை வாத்து.
இன்னொருதரம், நிறுத்திச் சொன்னேன்.
வாத்துதான்.
பஸ்ஸில் பதிந்து வந்த கொண்டக்டரின்
பாதிச் சிங்களம் பாதித் தமிழுக்கு
ஒன்றுமே எழுதாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது.

நானூற்றெண்பது சொற்கள் வைத்திருந்தேன்,
மனிதகுலம், எதிர்காலம்,
"சிறுவயதிலிருந்தே கணினியில் ஆர்வம்."
எல்லாவற்றையும் அழித்தேன்.

முதல் வரி:
உங்கள் இயந்திரத்தின் கணக்குப்படி
நான் ஒரு வாத்தில் குடியிருக்கிறேன்,
வாடகை முப்பத்தையாயிரம்.

இரண்டாவதை யோசிப்பதற்குள்
அடுத்த ரயில்.