பிப்ரவரி முப்பது

உப்சாலா காப்பகத்தின் கீழ்த்தளம்.
பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைக்
கணினியில் ஏற்றுவது என் வேலை,
நாளொன்றுக்கு நூற்றிருபது பிறப்பு.
சன்னல் கிடையாது. பனி பெய்கிறதா என்பதைத்
தாமதமாக வரும் யோரனின் கோட்டைப் பார்த்துத்
தெரிந்துகொள்வேன்.

நூற்றுப் பதினேழாவது குழந்தையில் திரை சிவந்தது:
செல்லாத தேதி.
மறுபடி அடித்தேன். மறுபடி சிவந்தது.
பாதிரியாரின் பேனாவோ
எங்கும் தடுமாறியிருக்கவில்லை.
மாலின். ஃபாலுன் தாமிரச் சுரங்கத்து ஓலோஃபின் மகள்.
பிறப்பு 1712, பிப்ரவரி முப்பது.

பொய்யில்லை. அப்படி ஒரு நாள் இருந்தது,
சுவீடனில் மட்டும், ஒரே ஒரு தரம்.

பூமி சூரியனைச் சுற்றிவர
முந்நூற்று அறுபத்தைந்து நாள் போதவில்லை.
கொசுறாக ஐந்தே முக்கால் மணியும் சொச்சமும்.
நான்கு வருஷக் கொசுறைச் சேர்த்து
ஒரு நாளென்று சொல்லி
பிப்ரவரியின் மடியில் கட்டுகிறோம்.
அதுவும் முழு நாளில்லை, முக்கால் மணி குறைவு.
அந்த முக்கால் மணி குட்டிபோட்டுக் குட்டிபோட்டுப்
பத்து நாளாகிவிட்டது.
தெற்கத்திக்காரர்கள் பத்தையும் ஒரே இரவில் வெட்டியெறிந்தார்கள்.

நாங்கள் நிதானக்காரர்கள்.
நாற்பது வருஷத்துக்கு லீப் நாளே வேண்டாம்,
சொட்டுச் சொட்டாய்ச் சரியாகட்டும் என்றார்கள்.
1700இல் ஒன்றை விழுங்கினோம்.
பிறகு போர். அரசர் எங்கோ தூரதேசத்தில்.
1704இல் மறந்துபோயிற்று.
1708இலும்.
உலகில் எவரோடும் ஒத்துவராத தேதியில்
பன்னிரண்டு வருஷம்
கடிதம் எழுதினோம், கடன் வாங்கினோம், கல்யாணம் கட்டினோம்.
கடைசியில் வெட்கப்பட்டுப் பின்வாங்கியபோது
விழுங்கியதைக் கக்க வேண்டியிருந்தது.
அந்த நாளில் பிறந்தவள் மாலின்.

"ஏன் எப்போதும் பிப்ரவரியே அகப்படுகிறது?"
காபியோடு வந்து நின்றான் யோரன்.
முஷ்டியை மடக்கிக் காட்டினேன்:
மேட்டுக்கு முப்பத்தொன்று, பள்ளத்துக்கு முப்பது.
"அது எத்தனை என்று சொல்கிறது. ஏன் என்று?"

நியாயமான கேள்வி.
ரோமர்களுக்கு இரட்டைப்படை ஆகாது என்பார்கள்.
நிலவோ இருபத்தொன்பதரையில் நிற்கிறது,
எந்தப் பங்கீட்டுக்கும் அடங்காமல்.
மாதங்களுக்கெல்லாம் ஒற்றைப்படை கொடுத்தபின்
கணக்கு இடித்தது.
யாராவது ஒருவர் துரதிருஷ்டத்தைச் சுமக்க வேண்டும்.
வருஷத்தின் வாலில் நின்றது பிப்ரவரி,
செத்தவர்களுக்குப் படையல் வைக்கும் மாதம்.
கடைசிப் பந்திக்குக் குறைவதுபோல அதற்குக் குறைந்தது.
பின்னால் வந்தவர்கள் மற்ற மாதங்களை நீட்டினார்கள்.
இதைத் தொடவில்லை.

சாயங்காலம் வேறொரு பெட்டியில்
மாலினை மறுபடி சந்தித்தேன்.
1753. இந்தமுறை அரசு துணிந்துவிட்டது:
பிப்ரவரி பதினேழுக்கு மறுநாள் மார்ச் ஒன்று.
அவள் விதவை, துணி வெளுப்பவள்.
வீட்டுக்காரர் முழு மாத வாடகை கேட்டிருக்கிறார்.
ஊர் மன்றத்தில் அவள் சொன்னதை
எழுத்தர் அப்படியே குறித்திருக்கிறார்:

"என் பிறந்தநாளை ஒருதரம்தான் கொடுத்தீர்கள்.
நாற்பத்தொரு வருஷம் நான் கேட்கவில்லை.
இப்போது பதினொரு நாளை எடுத்துக்கொண்டு
அதற்குக் காசும் கேட்கிறீர்கள்.
தூங்காத ராத்திரிக்கு
எந்த ஊரில் வாடகை?"

தீர்ப்பு இருந்த பக்கத்தை
எலி தின்றிருக்கிறது.

"மார்ச் பதினொன்று என்று போடு" என்றான் யோரன்.
"இன்றைய கணக்கில் அதுதானே."
போட்டேன். திரை பச்சையானது.
அவன் கோட்டை மாட்டிக்கொண்டு போனபின்
அழித்தேன்.
தேதிக் கட்டத்தை வெறுமையாக விட்டு
குறிப்புக் கட்டத்தில் எழுத்தால் எழுதினேன்:
பிப்ரவரி முப்பது.

திரை அவளை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.
இன்று நூற்றுப் பதினாறு.
நாலு பாக்கி.
நாளைக் கணக்கில் சேர்த்துக்கொள்வேன்.