திண்மங்களின் பட்டியல்

நோர்வூட் கடையில் பகலெல்லாம் போட்டோக்கொப்பி.
இரவில், கரண்ட் இருந்தால்,
ஒரு பையனை நடக்கவைக்கிறேன்.
பதினாறு புள்ளி அகலம், இருபத்துநான்கு உயரம்,
சிவப்புத் தொப்பி. பெயர் வைக்கவில்லை.

முதல் நாள் அவனுக்கு எதுவும் தடையில்லை.
தேயிலைச் செடிக்குள் நடந்தான், பாறைக்குள் நடந்தான்,
லயத்தின் பன்னிரண்டு காம்பராக்களையும்
ஒரே மூச்சில் ஊடுருவிப் போனான்.
சுவர் என்பது அதுவரை வெறும் நிறம்.
ஒன்றைத் திண்மம் ஆக்க வேண்டுமென்றால்
பட்டியலில் எழுத வேண்டும்:
இடது விளிம்பு, மேல் விளிம்பு, அகலம், உயரம்.
எழுதினேன். பாறை பாறையானது.

பிறகு சுவரில் ஒட்டிக்கொண்டான்.
சாய்வாக ஓடிவந்து மோதினால்
பசை பூசியதுபோல் நின்றுவிடுகிறான்,
மேலுமில்லை, கீழுமில்லை.
தவறு என்னுடையது. மோதியதும்
முழு அடியையும் பறித்துவிட்டேன்.
இப்போது முதலில் கிடை;
மோதினால் கிடையை மட்டும் திருப்பி எடு.
அப்புறம் நிலைக்குத்து. அதைத் தனியாகக் கேள்.
சுவர் மறுப்பது ஒரு திசையைத்தான்,
மற்றதைப் பிடித்துவைக்க அதற்கு உரிமையில்லை.
உரசிக்கொண்டே வழுக்கிப் போகிறான் இப்போது,
மழைநேரத்து பஸ் ஜன்னலில் துளி போகிற மாதிரி.

சோதிப்பவன் ஏழாம் காம்பரா தனுஜன். மூன்றாம் வகுப்பு.
எங்கள் இஸ்தோப்பில் குந்தியிருந்து
என் போனை இரண்டு கட்டைவிரலாலும் பிழிகிறான்.
எனக்குத் தோன்றாத இடத்தில்தான் முட்டுவான்:
மூலை, படியின் அடிப்பக்கம், கோவில் மணியின் உட்புறம்.
"தொப்பிகூட முள்ளுல படல, செத்துட்டான். அநியாயம்."
சரி. படம் வேறு, பெட்டி வேறு என்றாக்கி
பெட்டியைப் பக்கத்துக்கு இரண்டு புள்ளி சுருக்கினேன்.
நூலிழையில் தப்புகிறவனைக்
கணக்கு கண்டும் காணாமல் விடலாம்.

போன செவ்வாய் பெரிய கண்டுபிடிப்பு.
மலையுச்சியிலிருந்து குதித்தால்
விழ விழ வேகம் ஏறி
ஒரு சட்டகத்தில் தகரக் கூரைக்கு மேலே,
அடுத்த சட்டகத்தில் தரைக்குக் கீழே.
இடையில் அவன் எங்குமே இல்லை.
மோதவேண்டிய கணத்தை யாரும் பார்க்கவில்லை,
அதனால் மோதல் நடக்கவில்லை.
உலகத்துக்கு அடியில், கறுப்பில்,
விழுந்துகொண்டே இருந்தான்.
தனுஜனுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல்.
பெரிய அடியைச் சின்ன அடிகளாக நறுக்கி
ஒவ்வொன்றிலும் கேட்டேன்: இங்கே? இங்கே? இங்கே?
கூரை தாங்குகிறது.

"ஆனா ஒன்னு விட்டுட்டீங்க அக்கா.
ஒங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுச்சுவரு.
நான் நேரா போறேன், பாருங்க."

போனான்.
பட்டியலைப் புரட்டினேன். மற்ற சுவரெல்லாம் இருக்கிறது,
ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் வரியே இல்லை.
நிஜத்தில் இருக்கிறது அது. ஒற்றைக்கல் சுவர்.
அந்தப் பக்கத்து இருமல், குக்கர் விசில்,
இவன் அம்மா கமலேஸ்வரி தூக்கத்தில் புரளுவது,
எல்லாம் கேட்கும்.
பீலித் தண்ணீர்ச் சண்டைக்குப் பிறகு
நாலு வருஷமாய் ஒரு சொல் மட்டும்
அதன் வழியே போகவில்லை.

ஒரு வரி எழுதினால் தீரும். விரலை வைத்தேன்.
"அங்க ஒன்னுமே இல்லையே" என்றான்.
சாம்பல் நிறக் கட்டத்துக்கு நடுவில்
சிவப்புத் தொப்பி சும்மா நின்றது.
உண்மைதான். வரையவில்லை.
எதை வைத்து வரைவது?
"ஒங்க வீட்ல அடுப்பு எந்தப் பக்கம்?"
"வந்து பாருங்களேன்."

இஸ்தோப்பு வழியே பதினோரு அடி.
பட்டியலில் இல்லாத மூடுபனி, பட்டியலில் இல்லாத ஒரு நாய்.
ஏழாம் கதவு பலகை.
விரல்முட்டி பட்டதும்
சரியாக விளிம்பிலேயே என்னை நிறுத்தியது.
உள்ளே, குக்கர் விசிலை
யாரோ கரண்டியால் அமுக்கினார்கள்.