மூன்று பேருக்கு ஓர் அறை

ஒன்பதரைக்குக் கரண்ட் போகும் என்று
குருநகர் முழுக்கத் தெரியும்.
அதற்குள் உரோமாபுரியை முடித்துவிட வேண்டும்.

மீன் கணக்கு எழுதும் சிஆர் கொப்பியைத் திருப்பி
கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினேன்.
முன்பக்கம் பாரை, விளை, நண்டு, கடன்.
பின்பக்கம் நாள் ஒன்று, நாள் இரண்டு.

வலை பொத்திக்கொண்டிருந்த செல்வின் கேட்டார்:
"வெனிசில என்ன கிடக்கு?"
"தெருவெல்லாம் தண்ணி. வள்ளத்திலதான் போகவேணும்."
"கார்த்திகையில எங்கட ஒழுங்கையும் அப்பிடித்தானே.
ஒரு இரவுக்கு எவ்வளவாம்?"
சொன்னேன்.
அவர் கையில் ஊசி நின்றது.
வெனிசைச் சிவப்புப் பேனையால் வெட்டினேன்.

பீசாவும் போனது.
சரிந்து நின்ற கட்டடங்களுக்குக் கீழே
சைக்கிளில் திரிந்த வருசங்கள் எங்களுக்கு உண்டு.
அப்போது ஒருவரும் ரிக்கற் கேட்கவில்லை.

உரோமை விட ஏலாது. மூன்று இரவு.
ஸ்ரேசனுக்குக் கிட்ட மலிவாய் ஓர் அறை,
ஐந்தாம் மாடி, லிப்ற் இல்லை.
செல்வினின் முழங்காலை நினைத்து
இருபது யூரோ கூட்டி வேறு பார்த்தேன்.
பேராலயத்துக்குள் போகத் தோள் மூடியிருக்க வேண்டுமாம்,
அதை எனக்குச் சொல்லத் தேவையில்லை.
வரிசையில் இரண்டு மணித்தியாலம் நிற்க வேண்டுமாம்,
அதையும்தான்.
மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பாசுக்கும்
நின்று பழகிய கால் இது.

உரோமிலிருந்து நேப்பிள்சுக்கு
ரெயினில் ஒரு மணியும் பத்து நிமிசமும்.
நம்பாமல் மூன்று தரம் வாசித்தேன்.
அங்கிருந்து பலெர்மோவுக்கு இரவுக் கப்பல்.
கதிரைக்கு ஒரு விலை, கபினுக்கு ஒரு விலை.
"கடலில போறதுக்கு நான் காசு குடுக்கிறதோ?"
முப்பத்தொரு வருசம் கடலில் உழைத்த மனிசன்
பகிடிக்கல்ல, உண்மையாகவே கோபப்பட்டார்.
கதிரை என்று எழுதினேன்.
அவர் கால் கழுவப் போன நேரம்
கபின் என்று மாற்றினேன்.

பலெர்மோவில் தங்கை மெற்றில்டா.
ஞாயிறு மலைக்கோயில் என்று அவளே எழுதச் சொன்னாள்.
குகைக்குள் படுத்திருக்கும் புனிதைக்கு
எங்கட சனம் பஸ் பிடித்துப் போகுமாம்,
திருநீறு பூசினதுகளும் போகுமாம்.
"ஆனா ஹொட்டேல் ஏன், வீடிருக்கேக்க?
காசைக் கரியாக்காதை."
வீடென்றால் இரண்டு அறை, ஐந்து பேர்,
குசினிக்குள் விரிக்கிற ஒரு மெத்தை.

இருபத்திரண்டு வருசமாய் அவள்
துறைமுகத்தடியில் ஒரு ஹொட்டேலில்
நாளுக்குப் பதினாலு கட்டில் விரிக்கிறாள்.
ஒருமுறை படம் அனுப்பினாள்.
துவாயை மடித்து ஒரு அன்னம்,
சுருக்கமே இல்லாத வெள்ளை மெத்தையில்.
அவள் படத்தில் இல்லை.
சுவர்க் கண்ணாடியில் மட்டும்
வாளியோடு பாதி.

அந்த ஹொட்டேலைத் தேடிப் பிடித்தேன்.
கடல் பக்க யன்னல், காலைச் சாப்பாடு சேர்த்து.
விலை தெரிகிற நேரம் கரண்ட் போனது.
போனில் பதினேழு வீதம் இருந்தது.
எத்தனை பேர் என்று கேட்டது.
இரண்டு என்று கிடந்ததை மூன்றாக்கினேன்.

கொழும்பில் வீசாக் கந்தோர்
வங்கிப் புத்தகத்தை எப்படிப் பார்க்குமோ தெரியாது.
வீசா கிடைக்காவிட்டால் காசு திரும்பி வரும் அறை,
அதையும் பார்த்துத்தான் அமத்தினேன்.

பிறகு அவளுக்கு எடுத்தேன்.
"ஒரு இரவு. நீயும் வாறாய்.
முன்வாசலால."

அங்கே இன்னும் வெளிச்சம் இருந்திருக்கும்.
பஸ் இரைகிற சத்தம், யாரோ இத்தாலியில் ஏசுகிற சத்தம்.
கனநேரம் அதுதான் கேட்டது.

பிறகு, என்னை அதட்டுகிற மாதிரி:
"நாலாம் மாடி கேள். மூண்டாம் மாடியில
பைப் ஒழுகும், ஒருத்தரும் திருத்தேல்ல.
விடிய வெளிக்கிடேக்க கட்டிலை நான்தான் விரிப்பன்,
இப்பவே சொல்லிப்போட்டன்."