ஒற்றைப்படை

பதிமூன்று புட்டிகள்.
வழக்கறிஞர் அனுப்பிய சொத்துப் பட்டியலில்
சலவை இயந்திரத்துக்கும்
பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் நடுவே
ஒரே ஒரு வரி:
நிலவறை, சிவப்பு ஒயின், பதிமூன்று.
ஆறு எனக்கு. ஆறு தார்ச்சீசியோவுக்கு.
மிச்சம் ஒன்று சமையலறை மேசையில் நின்றது
எந்தப் பக்கத்து விருந்தாளி என்று தெரியாதவர்போல்.

“விற்றுப் பிரித்துக்கொள்வோமா?”
“எலீஜியோவின் ஒயினையா?
சோந்திரியோவைத் தாண்டினால்
அவர் பெயர் யாருக்குத் தெரியும்?”

உண்மைதான்.
எலீஜியோ காலையில் தபால்காரர்.
மதியத்துக்கு மேல்
மலைச்சரிவில் கல்லடுக்கிக் கட்டிய
பதினொரு படி நிலத்துக்குச் சொந்தக்காரர்.
டிராக்டர் ஏறாது. கழுதையும் யோசிக்கும்.
முதுகுக் கூடையில் இறக்கிய நெபியோலோ
நல்ல வருடத்தில் அறுநூறு புட்டி,
ஆலங்கட்டி விழுந்த வருடத்தில்
கடன்.
லேபிளில் ஆண்டை மட்டும் கையால் எழுதுவார்
தபால் முத்திரை மையைத் தொட்டு.

எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு பெட்டி தந்தார்.
முதல் புட்டி
வேலிக்கம்பியை நக்கியதுபோல் இருந்தது.
பதினோரு புட்டிகளை
அந்த விருந்து இந்த விருந்து என்று
அவசரப்பட்டுத் திறந்து வீணாக்கினோம்.
பிறகு மறந்துபோனோம்.

இன்று தக்கை பாதியில் முறிந்தது.
“மெதுவாக என்று சொன்னேனே.”
“நீ சொல்லவே இல்லை, நீவெஸ்.”
பத்தொன்பது வருடப் பழக்கம்,
கை கழுவியும் போகாத பூண்டு வாசனை.
மீதித் தக்கையை உள்ளே தள்ளி
வடிகட்டியில் ஊற்றினான்.

முதல் மோப்பத்தில்
ஈரக் கம்பளி, பூட்டிய அலமாரி,
மழையில் நனைந்த தபால் பை.
“கெட்டுவிட்டது.”
“பொறு.”

ஒரு மணி நேரம்.
இனி கணவன் இல்லாத ஒருவனுடன்
ஒரு மணி நேரத்தை என்ன செய்வது?
கரண்டிகளைப் பிரித்தோம்.
ஒரு முள்கரண்டி எங்கள் வீட்டுடையதே அல்ல.
கீழே அத்தா நதி
பனி உருகிய நீரை இழுத்துக்கொண்டு
சத்தமாகப் போயிற்று.

அப்புறம் அவன் கோப்பையை நீட்டினான்.
நடுவில் மாதுளை, ஓரத்தில் செங்கல்.
கலங்கியது தேறத் தேற
உள்ளிருந்து ஒவ்வொன்றாய் வந்தன:
உலர்ந்த ரோஜா.
ஆரஞ்சுத் தோல்.
வெயிலில் இளகும் தார்.
இன்னொன்று, பெயர் வரவில்லை,
தீக்குச்சி அணைந்த மறுநொடிபோல் ஏதோ.

வாயில் வைத்தேன்.
அன்று ஈறுகளைப் பிடித்து உலுக்கிய துவர்ப்பு
இன்று வந்தது, நாக்கின் ஓரத்தில் அமர்ந்தது,
சொல்லாமல் எழுந்து போயிற்று.
போன பிறகும் நாற்காலி சூடாக இருந்தது.

பேசாமல் பித்தோ பாலாடைக்கட்டி நறுக்கினான்.
மெல்லியதாக, எனக்குப் பிடித்த மாதிரி.
நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“தொண்ணூற்றாறு, பார்.”
“அது ஆறா? பூஜ்யம்.”
“வால் தெரியவில்லையா?”
“மை வழிந்திருக்கிறது.”
நீதிபதியிடம் இவ்வளவு வாதாடவில்லை நாங்கள்.
கடைசியில் எலீஜியோவுக்கே போன் போட்டான்,
ஒலிபெருக்கியில்.
ஒரு காது கேட்காதவர் கத்தினார்:
“தொண்ணூற்றாறில் நான் ஒயினே போடவில்லையே!
இடுப்பெலும்பு முறிந்து
வருடம் முழுக்கப் படுக்கையில் கிடந்தேன்.
பழத்தைப் பறவைகள் தின்றன.
அது தொண்ணூறு!
எப்படி இருக்கிறது?”

“நன்றாக இருக்கிறது” என்றோம்
இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.
“இருவரும் சுகமா?” என்றார்.
தார்ச்சீசியோ என்னைப் பார்த்தான்.
நான் புட்டியைப் பார்த்தேன்.
“மழை வரும்போல் இருக்கிறது” என்றான் போனில்.

கடைசி விரற்கடையில் வெறும் மண்டி.
அதைப் பிரிக்க முடியாது.
அவன் தன் ஆறையும் எடுத்துக்கொண்டு இறங்கினான்.
படிகளில் கண்ணாடி கண்ணாடியோடு உரசும் சத்தம்
இரண்டாவது மாடிவரை கேட்டது,
பிறகு கதவு.

மறுநாள் காலை
காய்ந்த கோப்பைகளை முகர்ந்தேன்.
இரண்டிலும் ரோஜா இருந்தது.
கழுவவில்லை.

மதியம் கழுவினேன்.